அந்த நோட்டீஸை நான் ஏன் வாங்கினேன்

அம்மிணி,

போன டிசம்பர் 30-ஆம் தேதி டோக்கியோவில் உங்கள் ரயில் ஸ்டேஷன் வாசலில் நான் வாங்கிய ஒரு நோட்டீஸால் நாம் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோமே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

அந்தக் குளிரில் ஒரு பெரியவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குனிந்து குனிந்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். நீ தாண்டிப் போய்விட்டாய், நான் வாங்கிக்கொண்டேன். என்னவென்று கேட்டதற்கு "பழைய கொலைக் கேஸ்ப்பா, வருஷா வருஷம் கொடுப்பாங்க" என்றாய். மூன்று நாள் நான் அதையே கேட்டுக்கொண்டிருக்கவும் உனக்கு எரிச்சல் வந்து, "24 வருஷம் ஆச்சு, செத்தவங்க திரும்பி வரப் போறாங்களா, ஊர் பார்க்க வந்துட்டு இதையே பேசுறீங்களே" என்று சொல்லிவிட்டாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. இந்த ஒரு வருஷத்தில் வந்திருக்கிறது.

அந்த நோட்டீஸின் எழுத்து எனக்குப் புரியாது, ஆனால் படம் புரிந்தது. ஒரு முழுக்கை பனியன். உடம்பு சாம்பல், கை ஊதா, ராக்லன் கட்டிங். தோளில் தையல் இருக்காது, கைத்துணி நேராகக் கழுத்து வரைக்கும் போகும், நாலு தையலும் கழுத்துப்பட்டியில் வந்து சேரும். திருப்பூரில் 38 வருஷம் கட்டிங் டேபிளில் நின்றவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். ஊதா கையைச் சாம்பல் உடம்போடு வைப்பது எவ்வளவு தொல்லை தெரியுமா, டையிங்கில் சோப்பு வாஷ் சரியாகப் போகவில்லை என்றால் முதல் துவையலிலேயே சாயம் உடம்புக்கு ஏறிவிடும். என்ன துணி என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்த பிறகுதான் கொலைகாரன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பனியன் அது என்று நீ சொன்னாய்.

ஜப்பான் முழுக்க 130 பீஸ்தான் விற்றதாம் அது. 130 பீஸ், அம்மிணி! எங்கள் டேபிளில் துணியை அடுக்கி ஒரு லே போட்டால் காலை டீக்கு முன்னால் வெட்டி முடித்துவிடுகிற கணக்கு. அதை வாங்கியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய், விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் போலீஸால் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. என் கையால் எத்தனை லட்சம் பீஸ் கப்பல் ஏறியிருக்கும், அதையெல்லாம் யார் போட்டுக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. அன்றைக்கு ராத்திரி உன் வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டு அதையேதான் நினைத்தேன்.

மறுநாள் நீ ஆபீஸ் வேலையாக லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தபோது சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று போனேனே, நான் போனது அந்த வீட்டுக்குத்தான். மன்னித்துக்கொள், சொல்லாமல் போனது தப்பு. சோஷிகயா பூங்காவை ஒட்டி, சின்ன ஆற்றின் ஓரத்தில் இருக்கிறது. பூங்காவைப் பெரிதாக்குவதற்காக அந்தப் பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் அப்போதே காலி செய்துகொண்டு போயிருக்கிறார்கள், கடைசியாக மிச்சமிருந்த சில வீடுகளில் அது ஒன்று. மியாசாவா என்ற குடும்பம். கணவனுக்கு 44 வயது, மனைவிக்கு 41, எட்டு வயதில் ஒரு பெண், ஆறு வயதில் ஒரு பையன். அந்த அம்மா குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். 2000 டிசம்பர் 30 ராத்திரி நாலு பேரையும் எவனோ கொன்றுவிட்டான். பக்கத்து வீட்டில்தான் அந்த அம்மாவைப் பெற்றவள் இருந்தாள். காலையில் போன் போட்டிருக்கிறாள், லைன் போகவில்லை, சரி நேரில் போய்ப் பார்ப்போம் என்று கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறாள். அந்தப் பாட்டி பார்த்ததை நான் எழுத மாட்டேன்.

கொன்றவன் உடனே ஓடவும் இல்லை. மணிக்கணக்காக அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறான். பிரிட்ஜைத் திறந்து ஐஸ்கிரீம் தின்றிருக்கிறான், பார்லி டீ குடித்திருக்கிறான், கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கிறான், கையில் பட்ட வெட்டுக்கு அவர்கள் வீட்டு மருந்தையே எடுத்துக் கட்டியிருக்கிறான். கைரேகை இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, ஏ குரூப். டிஎன்ஏ முழுசாக இருக்கிறது. கால் தடம் 28 சென்டிமீட்டர் ஷூ, கொரியாவில் செய்தது. இவ்வளவு விட்டுவிட்டுப் போனவனை, ஒரு ஆளுக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்தால் 2 லட்சத்து 80 ஆயிரம் நாளுக்கும் மேல் தேடிவிட்டார்கள், துப்புக் கொடுத்தால் 2 கோடி யென், நம்ம பணத்தில் ஒரு கோடிக்கு மேல், இன்னும் பெயர் தெரியவில்லை. பழைய குற்றவாளிகள் யாருடைய ரேகையோடும் அது சேரவில்லை என்கிறார்கள். அதாவது அதற்கு முன்னாலும் பின்னாலும் போலீஸ் கையில் சிக்காமல், யாரோ ஒருவருடைய வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்கிறான்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனவற்றை எண்ணிப் பார். ஜெர்கின், பனியன், தொப்பி, மப்ளர், கையுறை, இடுப்பில் கட்டுகிற பை, கர்ச்சீப் இரண்டு. டிசம்பர் கடைசி, அந்தக் குளிர் எனக்குத் தெரியும், நீ வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டருக்கு மேல் இன்னொன்று போட்டும் எனக்கு நடுங்கியது. அப்போது அவனுக்குப் பதினைந்திலிருந்து இருபதுகளுக்குள் வயது இருந்திருக்கும் என்பது போலீஸ் கணக்கு. அந்த வயதுப் பையன் தனியாக இருந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் அப்பா அம்மாவோடு இருந்திருந்தால்? புத்தாண்டுக்கு முந்தின நாள் கையில் கட்டோடு வந்து நிற்கிறான், போட்டுக்கொண்டு போன ஜெர்கின் இல்லை, தொப்பி இல்லை, பை இல்லை. கொஞ்ச நாளில் அதே ஜெர்கின், அதே பனியன் எல்லா டிவியிலும் வருகிறது. துணி துவைத்துக் காயப்போட்ட கைக்கு அது தெரியாமலா போயிருக்கும்? நீ எட்டாவது படிக்கும்போது மழையில் குடையைத் தொலைத்துவிட்டு வந்ததற்கு உன் அம்மா ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாராவது ஒரு அப்பன் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறானோ என்ற நினைப்பு என்னை விடவில்லை. ஏன் தெரியுமா, அவன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். முதல் நாள் ராத்திரி எனக்கு வந்த பதில், மறைத்திருப்பேன் என்பதுதான். உன்னையோ தம்பியையோ நான் எப்படி அம்மிணி பிடித்துக் கொடுப்பேன்? இதை உன்னிடம் சொல்லவே எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தப் பதிலை மாற்றியது இன்னொரு அப்பன். இறந்துபோன அந்தக் கணவனைப் பெற்றவர், யோஷியுகி மியாசாவா. மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லாரும் ஒரே ராத்திரியில் போய்விட்ட பிறகு அந்த மனிதர் வீட்டுக்குள் முடங்கவில்லை. ஜப்பானில் அப்போது கொலைக்குக் கூட காலக்கெடு உண்டு, இந்தக் கேஸுக்கு 15 வருஷம். 2015 கடைசி வரைக்கும் பிடிபடாமல் இருந்துவிட்டால் அதற்கப்புறம் அவனே வந்து நான்தான் என்று சொன்னாலும் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இவரைப் போலவே பிள்ளைகளை, மனைவியைப் பறிகொடுத்தவர்கள் 2009-இல் சேர்ந்து சோரா நோ காய் என்று ஒரு சங்கம் வைத்தார்கள், இவர்தான் தலைவர். செய்ஜோ போலீஸ் ஸ்டேஷனில் இந்தக் கேஸைப் பார்த்த பெரிய அதிகாரி ஒருவரும் ரிட்டயர் ஆன கையோடு இவர்களோடு சேர்ந்துகொண்டார். எண்பது வயதில் அந்த மனிதர் தெருவில் நின்று கையெழுத்து வாங்கினார். 2010 ஏப்ரல் 27-ஆம் தேதி சட்டத்தை மாற்றிவிட்டார்கள், கொலைக்குக் காலக்கெடுவே கிடையாது என்று. அன்றைக்கே அமலுக்கும் வந்தது, அதனால் குராஷிகி என்ற ஊரில் 1995-இல் நடந்த ஒரு தம்பதி கொலைக் கேஸ், அன்று நள்ளிரவோடு காலாவதி ஆக இருந்தது, காலாவதி ஆகாமல் தப்பித்தது. இரண்டு வருஷம் கழித்து, 84 வயதில், கொன்றவன் யார் என்று தெரியாமலே அந்தப் பெரியவர் கண்ணை மூடினார்.

மறைத்திருப்பேன் என்று சொன்ன நான் இந்த மனிதரின் எதிரில் எப்படிப் போய் நிற்பேன்? என் பிள்ளையாக இருந்தாலும் நான் கையைப் பிடித்து போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போவேன் அம்மிணி. போய் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன், எத்தனை வருஷம் ஆனாலும் மனு போட்டுப் பார்க்க வருவேன், சோறு கொண்டுவருவேன். ஆனால் கூட்டிக்கொண்டு போவேன்.

செத்தவர்கள் திரும்பி வரப் போகிறார்களா என்று கேட்டாயே. உனக்கு இந்தச் செய்தி எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், போன அக்டோபர் 31-ஆம் தேதி நகோயாவில் ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். 1999-இல் ஒரு வாடகை வீட்டில் இளம் தாய் கொல்லப்பட்ட கேஸ், பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தை. அந்தக் கணவர் வேறு வீட்டுக்குப் போன பிறகும் அந்த வீட்டை விடவில்லை. கொன்ற ஆளின் ரத்தம் தரையில் இருக்கிறது, என்றைக்காவது உதவும் என்று 26 வருஷம் காலி வீட்டுக்கு வாடகை கட்டினார். 2 கோடி யென்னுக்கு மேல். அவரும் இதே சங்கத்துக்காரர்தான். கேஸ் இன்னும் கோர்ட்டில் முடியவில்லை, அந்தப் பெண்தான் செய்தாளா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதர் வாடகை கட்டிய ஒவ்வொரு மாசமும் வீண் போகவில்லை என்பது எனக்கு உறுதி.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 70, 80-களில் நடந்த கொலைகளுக்கு 2018-இல்தான் ஆள் சிக்கினான், சொந்தக்காரர்கள் வம்சாவளி பார்க்க இணையத்தில் போட்டு வைத்த டிஎன்ஏவை வைத்து. எழுபது வயது தாண்டிய முன்னாள் போலீஸ்காரன், புறநகரில் சாதாரண வீட்டில் இருந்தான். ஜப்பானில் அந்த வழியை இன்னும் திறக்கவில்லை. திறந்துவிடுங்கள் என்றுதான் சங்கத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனிதருடைய ரகசியம் அதில் இருக்கிறது என்று தயங்குகிறவர்களின் பயமும் நியாயம்தான், ஆனாலும் இந்த விஷயத்தில் நான் சங்கத்துப் பெரியவர்கள் பக்கம்.

இந்த 30-ஆம் தேதியோடு 25 வருஷம். உனக்கு லீவாகத்தான் இருக்கும். ரயில் ஸ்டேஷனில் நோட்டீஸ் கொடுக்கிறவர்கள் நின்றால் தாண்டிப் போகாதே, கையை நீட்டி வாங்கிக்கொள். முடிந்தால் இரண்டாக வாங்கு, ஒன்றை எனக்கு அனுப்பு. நான் கொண்டுவந்தது மடித்து மடித்து, சரியாக அந்தப் பனியன் படத்தின் குறுக்கே கிழிந்துவிட்டது.

அப்பா