விதியில் கடைசி, வரிசையில் முதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளைச்சாவு அடைந்தவரின் இதயம் வெளிநாட்டு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம் 'தடை செய்' என்ற குரல் எழுகிறது. 2018-ல் சென்னையில் கிளம்பிய சர்ச்சையிலும் இதுதான் நடந்தது. விதி ஏற்கெனவே தெளிவு: முதலில் மாநிலப் பட்டியல், பிறகு அண்டை மாநிலங்கள் அடங்கிய மண்டலம், நாடு, இந்திய வம்சாவளியினர், கடைசியில்தான் வெளிநாட்டவர். விதியை மீறியவர்கள் இருந்தால் விசாரிக்கட்டும். மீறாமலேயே இந்த வரிசை கவிழ்கிறது என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம்.

எடுத்த சிறுநீரகம் பனிக்கட்டியில் ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும், கல்லீரல் அதில் பாதி. இதயத்துக்கு நான்கு மணி நேரம்தான். அதற்குள் அது இன்னொரு உடலில் துடிக்க வேண்டும். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து மூளைச்சாவை உறுதி செய்து, குடும்பத்தின் சம்மதம் பெற்று, ஒதுக்கீட்டு அழைப்பு போகும்போது பல சமயம் நள்ளிரவாகிவிடும். பட்டியலில் முதலில் இருப்பவர் விழுப்புரம் பக்கத்துக் கூலித் தொழிலாளி என்று வையுங்கள். ரத்த வகையும் எடையும் பொருந்துகின்றன. ஆனால் கையில் பணமில்லை, அல்லது காய்ச்சல், அல்லது விடிவதற்குள் சென்னை வர வண்டியில்லை. மருத்துவமனை 'ஏற்கவில்லை' என்று குறித்துவிடும். அடுத்தவருக்கும் இதே கதை. ஆயிரம்விளக்கில் வாடகை வீடெடுத்து, முன்பணம் கட்டி, பரிசோதனைகளை முடித்துக் காத்திருக்கும் வெளிநாட்டவர் மட்டும் எந்த நேரமும் தயார்.

இந்த நிலையில் வெளிநாட்டவரைத் தடுத்தால் இதயம் தொழிலாளிக்கு வந்துவிடாது, கொடையாளரோடு மண்ணுக்குப் போகும்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். விபத்தில் சிக்கியவரை ஏற்றிவரும் 108 வண்டி, அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சை, மூளைச்சாவை உறுதி செய்யும் மருத்துவர்கள், காவல்துறை அனுமதி, பிரேதப் பரிசோதனை, உறுப்பு போகச் சாலையைக் காலி செய்து தரும் போக்குவரத்துக் காவலர்கள் என எல்லாம் மக்கள் பணம். 2023 முதல் கொடையாளருக்கு அரசு மரியாதையும் உண்டு. பொருத்தும் கட்டணம் மட்டும் தனியாருக்கு.

பட்டியலில் பெயர் ஏறும் நாளிலேயே காப்பீட்டு ஒப்புதலையும் முடித்துவிட வேண்டும். நள்ளிரவில் கோப்பு நகராது. அரசு மருத்துவமனையில் இதய மாற்றுக் குழு இரவுப் பணியிலும் இருக்க வேண்டும். பொருத்திய பிறகு டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் ஆயுள் முழுக்கத் தேவை. நிறுத்தினால் உடல் உறுப்பை நிராகரித்துவிடும். அந்தச் செலவுக்கு அஞ்சியே பட்டியலில் சேராதவர்களும் உண்டு. வெளிநாட்டவருக்குச் செய்யும் ஒவ்வோர் அறுவைக்கும் ஒரு கட்டணம் விதித்து இந்த மாத்திரைகளுக்கு ஒதுக்கலாம்.

ஒவ்வோர் இதயத்தையும் எத்தனை இந்தியர்களுக்காக எந்தக் காரணத்தால் மறுத்தார்கள் என்பதைப் பெயர் நீக்கி, உறுப்பு மாற்று ஆணையம் மாதந்தோறும் வெளியிடட்டும். 'மருத்துவக் காரணம்' என்ற ஒற்றை வரி போதாது. பணமா, படுக்கையா, தொற்றா என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

– உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்கள் சிலர், சென்னை