இலவசப் பதிவுக்கு 2,500 ரூபாயா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அண்ணி வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறார். வங்கியில் கடன் கேட்டபோது, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவுச் சான்றான உத்யம் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். கூகுளில் தேடி, முதலில் வந்த இணையதளத்தில் விண்ணப்பித்தார். ‘பதிவுக் கட்டணம்’ என்று 2,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பத்து நாள் பொடி விற்ற லாபம் அது.

2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதார் எண்ணும், அதோடு இணைத்த கைப்பேசியும், பான் எண்ணும் போதும். எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. தனி ஒருவர் நடத்தும் சிறு தொழிலுக்கும் இது கிடைக்கும். அரை மணி நேர வேலைதான். ஆனால் அரசுடையதல்லாத தளத்திலும் அரசின் தளத்தைப் போலவே அசோகச் சக்கரமும் மூவர்ணமும் போட்டு வைத்திருந்தால், புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு எப்படித் தெரியும்? முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்க்கவேண்டும் என்பதே எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

‘உத்யம் பதிவு இலவசம்’ என்று சரியான முகவரியோடு இ-சேவை மையங்களிலும் வங்கிக் கிளைகளிலும் தமிழில் பெரிதாக எழுதி வைக்க மாவட்டத் தொழில் மையங்கள் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்