அளவை எழுதுங்க சார், அளந்து பார்த்துட்டு ஃபைன் போடுங்க

வண்டி மாடிஃபிகேஷனுக்குச் சட்டம் எழுதுறவங்களுக்கும், அதைக் கையில வச்சுக்கிட்டு ரோட்டுல நின்னு எங்களை நிறுத்துறவங்களுக்கும்,

வணக்கம். நான் ஆஃப்ரோடு வண்டி ஓட்டுறவன். லிஃப்ட் கிட் (வண்டியோட உடம்பை உயரத் தூக்குற செட்) போட்டு, பெரிய டயர் மாட்டி, சேறு பாறைன்னு சுத்துற கூட்டத்துல ஒருத்தன். சட்டமே வேணாம்னு கேக்க வரல, முதல்லயே சொல்லிடுறேன். எங்க கூட்டத்துல சில பேர் பண்ற வேலையைப் பார்த்தா எனக்கே புடிச்சு உள்ள போடணும்னு தோணும். ஆனா நீங்க புடிக்கிறது அவங்களை இல்ல, அதுதான் பிரச்சனை.

ஒரு நாள் ராத்திரி செக்கிங்ல நிறுத்தினாங்க. டார்ச் அடிச்சு டயரைப் பார்த்தாங்க, பம்பரைப் பார்த்தாங்க, அப்புறம் ஒரே ஒரு கேள்வி, "இது கம்பெனியில இருந்தே வந்ததா?" இல்ல சார்னேன். அவ்வளவுதான், ஃபைன். எவ்வளவு உயரம் ஏத்திருக்கேன், டயர் வீல் ஆர்ச்ல (சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவுல) இருந்து எவ்வளவு வெளிய நிக்குது, லைட் எங்க அடிக்குது, எதுவுமே கேக்கல. நான் பேப்பர் வாங்கிட்டு நின்னப்போ பக்கத்துல ஒரு சாதா கார், ஒரு பக்க லைட்டு வானத்தைப் பார்த்து அடிக்குது, எதிர்ல வர்றவன் கண்ணைக் கூசிட்டு ஒதுங்குறான், அதை யாரும் நிறுத்தல. ஏன்னா அது கம்பெனியில இருந்து வந்தது.

இதுல ஒரு விஷயத்தை நானே ஒத்துக்கணும். அன்னைக்கு என் வண்டியில நிஜமாவே ஒரு ஆபத்து இருந்துச்சு, அது யார் கண்ணுலயும் படல, என் கண்ணு உட்பட. லிஃப்ட் போட்டதுக்கு அப்புறம் பிரேக் ஹோஸ், அதான் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டு போற ரப்பர் குழாய், பழைய நீளத்துலயே இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஜாக் போட்டு வண்டியைத் தூக்கினேன், சக்கரங்களைத் தாங்குற ஆக்ஸில் முழுசா கீழ தொங்குச்சு, அப்போ பார்த்தா அந்த ரப்பர் ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி விறைச்சு நிக்குது. விரலால சுண்டினா டிங்குனு வந்திருக்கும். ஒரு நல்ல பள்ளத்துல ஒரு சக்கரம் தொங்கியிருந்தா ஹோஸ் அறுந்து பிரேக் போயிருக்கும். கீழ குனிஞ்சு பார்த்திருந்தா பத்து செகண்ட்ல தெரிஞ்சிருக்கும். எனக்கு ஃபைன் போட்ட காரணம் டயர் பெருசா இருக்குன்னு.

பெரிய டயர்ல பிரச்சனையே இல்லைன்னு சொல்லல. 29 இன்ச் விட்டம் இருக்கிற டயரைக் கழட்டிட்டு 33 போட்டீங்கன்னா ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 91ல ஓடிட்டு இருக்கும், அதைச் சரி பண்ணாம சுத்துறவங்கதான் அதிகம். பிரேக் அதேதான், ஆனா டயரோட ஆரம் கூடிடுச்சு, அப்போ அதே மிதிக்கு நிக்கிற பலம் எட்டுல ஒரு பங்கு குறையும். கவுந்து விழுறது இன்னொரு கணக்கு. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற அகலத்தை, ஈர்ப்பு மையத்தோட உயரத்தை ரெண்டு மடங்கு பண்ணி அதால வகுக்கணும், நம்பர் குறையக் குறைய வண்டி சீக்கிரம் கவுந்துடும். அகலம் 150 செ.மீ., மையம் 70 செ.மீ. உயரத்துல இருந்தா 1.07 வரும். அதே மையம் 78க்கு ஏறினா 0.96. வெறும் எட்டு சென்டிமீட்டர்ல இவ்வளவு. அமெரிக்காவுல புது வண்டிக்கு ரோல்ஓவர் ஸ்டார் (கவுந்து விழுற ஆபத்துக்கான மார்க்) போடுறப்போ இந்தக் கணக்கையும் பாக்குறாங்க, இது ஒண்ணும் ரகசியம் இல்ல. இதையெல்லாம் ஒரு டேப்பும் கால்குலேட்டரும் வச்சு ஓரளவுக்குப் பாத்துடலாம், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன்.

எனக்கே கோவம் வர்ற ஐட்டம் ஒண்ணு இருக்கு, முன்பக்கத்தை மட்டும் தூக்கி பின்பக்கத்தைப் பதிய விடுறது. மூக்கைத் தூக்கிட்டு போற மாதிரி இருக்கும், ஸ்டைலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 250 செ.மீ. இருக்கிற வண்டியில முன்னாடி 10 செ.மீ. தூக்கினா வண்டியே 4 சதவீதம் மேல பாக்குது. டிம் லைட்டை சாதாரணமா 1 சதவீதம் கீழ பாக்குற மாதிரிதான் செட் பண்ணுவாங்க, அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம். இப்போ அந்த லைட்டு 3 சதவீதம் மேல அடிக்கும். தரையில இருந்து ஒரு மீட்டர் உயரத்துல லைட் இருந்தா, 25 மீட்டர் தள்ளி வெளிச்சத்தோட மேல் விளிம்பு 175 செ.மீ.ல நிக்கும். எதிர்ல வர்ற கார்க்காரர் கண்ணு அதுக்கு ரொம்பக் கீழதான் இருக்கும், முழு வெளிச்சமும் மூஞ்சியில. அமெரிக்காவுல நார்த் கரோலினா இதுக்குன்னே சட்டம் போட்டுச்சு, 2021 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு. முன் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு) பின் ஃபெண்டரை விட 4 இன்ச்சோ அதுக்கு மேலயோ உசரமா இருக்கக்கூடாது. பாருங்க, எவ்வளவு சிம்பிள். நிறுத்துற போலீஸ்காரருக்கும் தெரியும், ஓட்டுறவனுக்கும் தெரியும், வாக்குவாதமே இல்ல, டேப்பை எடுத்தா முடிஞ்சுது.

இதைத்தான் சார் கேக்குறேன். எழுத்துல அளவு.

ஜெர்மனியில நீங்க பண்ற மாற்றத்தால மத்தவங்களுக்கு ஆபத்து வரலாம்னாலோ புகை சத்தம் கூடினாலோ வண்டியோட அனுமதியே போயிடும், ரொம்பக் கறார். ஆனா அதுக்கு ஒரு வழியும் வச்சிருக்காங்க, நிபுணர் வந்து பார்த்து ஓகே சொன்னா பேப்பர்ல ஏத்திடலாம். ஜப்பான்ல உயரம் 4 செ.மீ., அகலம் 2 செ.மீ. தாண்டினா பொதுவா திரும்ப இன்ஸ்பெக்ஷனுக்குப் போய் பதிவை மாத்தணும். ஆஸ்திரேலியாவுல லேசான வண்டிகளை மாத்துறதுக்குன்னே ஒரு தேசிய விதித்தொகுப்பு இருக்கு, சின்ன லிஃப்ட்னா சர்டிஃபிகேட் வேணாம், அதுக்கு மேல போனா இன்ஜினியர் கையெழுத்து வேணும். அங்கயும் மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறி ஆளுங்க தலையைப் பிச்சுக்கிறாங்க, அது வேற கதை.

இந்தியாவுல 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்த ஸ்பெக்குக்கு மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஃபைன், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். சரி, ஆனா ரோட்டுல இது எப்படி மாறுதுன்னா, ஸ்டிக்கரும் குத்தம், ஸ்டியரிங் நாசம் பண்ற லிஃப்ட்டும் குத்தம், ரெண்டுக்கும் ஒரே பார்வை. எல்லாமே குத்தம்னா ஓட்டுறவன் என்ன பண்ணுவான், எப்படியும் மாட்டப் போறோம், நல்ல கிட் போட்டா என்ன மட்டமான கிட் போட்டா என்னன்னு போவான். எங்க ஆளுங்க வாயாலயே கேட்டிருக்கேன் இதை.

புல் பார், அதான் வண்டி மூக்குல மாட்டுற இரும்புக் குழாய் தடுப்பு, அந்த விஷயத்துல மட்டும் நான் உங்க பக்கம். ஐரோப்பிய யூனியன் 2005லயே நடந்து போறவங்க மேல மோதினா என்ன ஆகும்னு டெஸ்ட் வச்சு, பாஸ் ஆனாதான் அனுமதின்னு விதி கொண்டு வந்துச்சு. இந்தியாவுல 2017 கடைசியில மொத்தமா கூடாதுன்னுட்டாங்க. டெஸ்ட் வைக்கிறதுதான் எனக்குச் சரின்னு படுது, ஆனா ஊருக்குள்ள ஒரு சின்னப் பையன் தலை உயரத்துல இரும்புக் குழாயை மாட்டிட்டு போறதுக்கு என்கிட்ட எந்த நியாயமும் இல்ல. என்னோடதை நானே கழட்டிட்டேன்.

இந்த கிட் எல்லாம் விக்கிறவங்களையும் கொஞ்சம் பாருங்க. பெட்டியில குட்டி எழுத்துல "ஆஃப்ரோடுக்கு மட்டும்"னு போட்டுட்டு, ரோட்டுல ஓட்டிட்டு வந்தவன் வண்டியிலயே மாட்டி, அதே ரோட்டுல அனுப்பி வைக்கிறாங்க. காட்டுக்குப் போற வண்டி காடு வரைக்கும் பறந்தா போகும்? மாட்டிக் கொடுத்தவர் லைட்டைத் திரும்ப அலைன் பண்ணேன், பிரேக் ஹோஸ் பார்த்தேன், ஸ்பீடோமீட்டர் சரி பண்ணேன்னு கையெழுத்துப் போட்டு ஒரு பேப்பர் கொடுக்கணும்னு ஒரு வரி சேர்த்திருந்தீங்கன்னா என் ஹோஸ் கதையே நடந்திருக்காது.

அப்போ எனக்கு வேணுங்கிறது இதுதான். எவ்வளவு உயரம் வரைக்கும் சும்மா விடுவீங்க, எங்க இருந்து இன்ஸ்பெக்ஷன், எது எப்பவுமே கூடாது, மூணையும் நம்பரா எழுதி எல்லாரும் படிக்கிற மாதிரி போடுங்க. இன்ஸ்பெக்ஷனுக்கு ஃபீஸ் வாங்கிக்கோங்க, வரிசையில நிக்கச் சொல்லுங்க, நிக்கிறோம். பாஸ் ஆனா ஆர்.சி.யில ஏத்திக் கொடுங்க, அடுத்த செக்கிங்ல அதைக் காட்டிட்டுப் போயிடுவோம். ஃபெயில் ஆனா கழட்டச் சொல்லுங்க, நாங்க புலம்பிட்டு கழட்டுவோம்.

என் வண்டியை எப்போ வேணா கொண்டு வரேன். ஹோஸ் இப்போ நீளமானது போட்டாச்சு, லைட்டும் சுவத்துல கோடு போட்டு இறக்கியாச்சு. டயர் மட்டும் ரெண்டு விரக்கடை வெளிய நிக்குது, அது உங்க கணக்குல சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லல.

இப்படிக்கு,
பாதி லீவு நாளை வண்டிக்கு அடியில படுத்தே கழிக்கிற ஒருத்தன்