செயலாளர் ஆண்டறிக்கை: சட்டமும் உரிமையும் கணினிக் காலத்தில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

டிஜிட்டல் தொழில்நுட்பம் சட்டத்தையும் மனித உரிமையையும் எப்படி மாற்றுகிறது என்பதை ஆண்டு முழுக்கப் பேசுவதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. பேச்சாளர் அமையாததால் இரண்டு நின்றுபோயின.

முதல் கூட்டத்தில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2012ல் நிறைவேற்றிய தீர்மானத்தைப் படித்தோம். வெளியே மனிதருக்கு உள்ள உரிமைகள் இணையத்திலும் காக்கப்பட வேண்டும் என்கிறது அது. சரி, நடைமுறையில் எங்கே இடிக்கிறது? மற்ற கூட்டங்கள் அதிலேயே போயின.

அதிகம் பேர் வந்தது பிரிட்டன் அஞ்சலக வழக்குகள் பற்றிய கூட்டத்துக்குத்தான். அஞ்சலகக் கிளைகளில் வைத்திருந்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், பணம் குறைகிறது என்று காட்டியது. கிளைகளை நடத்தியவர்கள் "நாங்கள் எடுக்கவில்லை" என்றார்கள். கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்வது அங்குள்ள நீதிமன்ற வழக்கம். தவறு என்பவர்தான் காட்ட வேண்டும். மென்பொருளின் உள்ளே எட்டிப் பார்க்கவே முடியாதவர் எதைக் காட்டுவார்? 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சிலர் சிறைக்குப் போனார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் 2019ல் தீர்ப்புச் சொன்னது. 2024ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டுத் தண்டனைகளை நீக்கியது. அதற்குள் இறந்துபோனவர்களும் உண்டு.

அன்று கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பின் வரிசையிலிருந்த உறுப்பினரான ஓர் அம்மா தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். உதவித்தொகை கேட்டு அவர் விண்ணப்பித்ததற்கு வந்த பதில் அதில் இருந்தது: "தகுதி இல்லை." அவ்வளவுதான். முடிவெடுத்தது யார், காரணம் என்ன, யாரிடம் முறையிடுவது, ஒன்றும் இல்லை. திருப்பிப் பதில் அனுப்பவும் முடியாது. காரணத்தை எழுத்தில் தரும்படி மன்றத்திலிருந்தே மனு எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது மனுவுக்குத்தான் ஒரு மனிதர் பதில் போட்டார். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாகியிருந்ததாம்! அப்புறம் தொகை வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மா ஏழு மாதம் காத்திருந்தார். இந்த ஆண்டு என் மனத்தை விட்டு அகலாதது இதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளின் 22ஆம் பிரிவு இதைத்தான் தொடுகிறது. ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை எந்திரம் மட்டுமே எடுக்கக் கூடாது என்பது பொது விதி, விலக்குகளும் உண்டு. உதவித்தொகை மோசடி செய்யக்கூடியவர்கள் என்று மக்களைத் தரம்பிரித்த நெதர்லாந்து அரசின் சிரி (SyRI) என்ற கணினி அமைப்பை, 2020ல் அந்நாட்டின் ஹேக் மாவட்ட நீதிமன்றம் தனிவாழ்வு உரிமைக்கு எதிரானது என்று நிறுத்தியது. இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் குறைவு. அடுத்த ஆண்டு மறுபடி நடத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒரு செயலியின் ஒப்பந்த விதிகளை ஒரு நாள் உரக்கப் படித்தோம். ஆள் மாற்றி ஆள் படித்தும் அன்று முடியவில்லை. "ஒப்புக்கொள்ளாவிட்டால்?" என்று மூத்த உறுப்பினர் கேட்டார். திரையில் அதற்குப் பொத்தானே இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். மனு எழுதும் உதவியை வாரம் ஒரு நாளாக நிரந்தரமாக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கு இன்னும் நான்கு பேர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்