சுகம் தாமதிக்கும் நாட்களைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய நீண்ட மெசேஜைப் படித்தேன். போன் செய்து பேசிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேச ஆரம்பித்தால் நான் அழுவேன், நீ என்னைத் தேற்றத் தொடங்குவாய், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால் எழுதுகிறேன். கை வலிக்காத நேரத்தில் படி. பதில் எழுத வேண்டாம்.

முதலில், உனக்காக ஜெபித்த அந்த ஊழியரின் பேச்சைத் தீர்த்துவிடுவோம். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு, எங்கேயோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது" என்று உன் தலையில் கை வைத்துக்கொண்டே சொன்னாராமே. எனக்கு வந்த கோபத்தை இங்கே முழுவதும் எழுதினால் அது ஜெபிக்கிற ஒரு தாய் எழுதிய கடிதம் மாதிரி இருக்காது. ஆகவே ஒன்று மட்டும் கேட்கிறேன். பவுலைவிட இவர் பெரிய ஊழியரா? பவுலின் சரீரத்தில் பட்ட துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அதே பவுல் தன் கடைசி நாட்களில் எழுதுகிறார்: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." அவ்வளவுதான், காரணம் சொல்லவில்லை. தன்னோடு பயணம் செய்த அந்தத் துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தைகூட இல்லை. தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனபோதும் பாவத்தைத் தேடச் சொல்லவில்லை; வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் சொன்னார். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்தார். இதற்கு மேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்?

மாத்திரையை நிறுத்துகிற எண்ணம் துளி இருந்தாலும் விட்டுவிடு. முடக்குவாதம் என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்குவது என்று உன் டாக்டர் எனக்கும் படம் போட்டுக் காட்டினார். மருந்தை நிறுத்தினால் வீக்கம் திரும்ப வரும், மூட்டை அரிக்கும். அரித்துப்போனதை எந்த மருந்தாலும் பழையபடி கொண்டுவர முடியாது. அந்த மாத்திரையை விழுங்கும்போது ஸ்தோத்திரம் சொல்லி விழுங்கு. விசுவாசத்துக்கு அது ஒரு குறைவும் இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "காலைதோறும் புதிய கிருபை என்று பாடுகிறார்கள் அம்மா. எனக்குக் காலைதான் பயம். விரலை மடக்க முடியாமல் கிடக்கிற அந்த நேரத்தில் எந்தக் கிருபையும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாய். இதைப் படித்துவிட்டு, வேதத்தில் அந்த வரி வருகிற புலம்பல் புத்தகத்தின் 3ஆம் அதிகாரத்தை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை மெதுவாக வாசித்தேன். நாமெல்லாம் அந்த இரண்டு வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறோமே, அது எங்கே இருக்கிறது என்று பார். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை இடித்து, ஆலயத்தைக் கொளுத்தினார்கள். அந்த அழிவைப் பார்த்தவனின் அழுகை அது. எபிரெய அகரவரிசையின் 22 எழுத்துக்களில் ஒவ்வொன்றுக்கும் மூன்று வசனம் என்று 66 வசனங்கள். கண்ணீரைக் கூட எழுத்து விடாமல் வரிசையாகச் சொல்லித் தீர்த்திருக்கிறான்.

8ஆம் வசனத்தில், "நான் கூப்பிட்டுக் கதறினாலும், என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார்" என்கிறான். 22, 23இல்தான் கிருபை, காலைதோறும் புதியவைகள் எல்லாம் வருகின்றன. அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். பாட்டாகப் பாடுகிறவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் 44இல் மறுபடியும், ஜெபம் உள்ளே வர முடியாதபடி உம்மை மேகத்தால் மூடிக்கொண்டீர் என்று கர்த்தரிடமே சொல்கிறான். கிருபையைக் கண்ட அதே மனிதன், அதே அழுகையில், திரும்பவும் வழி அடைந்துவிட்டது என்கிறான். ஒருநாள் ஆறுதல் வந்தால் அது நிலைத்து நிற்க வேண்டும், அடுத்த நாள் போய்விட்டால் நம் விசுவாசம் பொய் என்று நீ நினைக்கிறாய். வேதத்தில் அப்படி எதுவும் இல்லை மகளே. புத்தகம் முடியும்போதும் அவன் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறான், எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்று. அந்தக் கேள்வியை யாரும் அழிக்கவில்லை. வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். காலையில் கிருபை புதியது என்று அவன் சொன்னதற்கு, காலை சுகமாக இருந்தது என்று பொருள் இல்லை. நகரம் அன்றைக்கும் சாம்பலாகத்தான் கிடந்தது. நேற்று கொடுத்தது நேற்றோடு தீர்ந்தது, இன்றைக்கு உள்ளது இன்றைக்குத் தரப்படும் என்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. விரல் மடங்குகிற வரை படுக்கையில் காத்திருக்கிறாயே, அந்த நேரத்தைத் தாண்டுவதற்கு உள்ளது. நாளைக் காலைக்கானது இன்றைக்கு உன் கையில் இல்லாததைப் பார்த்துப் பயப்படாதே.

எரேமியா 29:11ஐயும் உனக்கு ஆளாளுக்கு அனுப்புகிறார்கள் என்று அலுத்துக்கொண்டாய். அலுத்துக்கொள்ளத்தான் செய்யும். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வாழ்த்து அட்டையில் போடுகிறவர்கள் அதற்கு முந்தின வசனத்தைப் போடுவதில்லை. அதில், ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது! சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று தீர்க்கதரிசிகள் சிலர் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் கர்த்தர் சொல்கிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள். காத்திருக்கிற காலத்தையும் வாழ்க்கையாகவே எண்ணச் சொல்கிறார். சுகம் வந்த பிறகு படிப்பை முடிக்கலாம், சுகம் வந்த பிறகு சிரிக்கலாம் என்று நீ தள்ளிவைத்திருக்கிற காரியங்களை இந்த வெளிச்சத்தில் கொஞ்சம் யோசித்துப் பார். முடிகிற அளவுக்கு, முடிகிற நாளில்.

டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை உனக்குத் தெரியும். 1931இல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951இல் மரிக்கும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறையும் படுக்கையுமாகவே வாழ்ந்தார். சுகத்துக்காக ஜெபிக்க அவரைச் சுற்றி எத்தனையோ பேர் இருந்தார்கள். அவருக்கு விசுவாசம் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வியாதிப்பட்டவர்களுக்காக என்று அச்சடித்து வருகிற ஆறுதல் தாள்கள் தன் மனதுக்குள் இறங்கவில்லை, அவை சுகமாக இருப்பவர்கள் எழுதியவை என்று அவர் உணர்ந்தார். அதனால் படுத்திருந்தபடியே, வலியில் இருப்பவர்களுக்காகத் தானே எழுதினார். இதை உனக்குச் சொல்லும்போது எனக்கே உறைக்கிறது. நானும் வலியில்லாத விரல்களால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதில் உனக்குள் இறங்காத வரிகளை அப்படியே விட்டுவிடு. நான் வருத்தப்பட மாட்டேன்.

கர்த்தர் உன்னைச் சுகமாக்குவாரா என்று நேராகக் கேட்டிருந்தாய். தெரியவில்லை. தினமும் அதற்காகத்தான் ஜெபிக்கிறேன், நிறுத்தவும் மாட்டேன். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார்; முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. உனக்கு எந்தப் பதில் வரும் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. ஒன்றை மட்டும் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சரீரம் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அதை நிஜமாகவே நம்புகிறேன். ஆத்துமா தப்பினால் போதும், உடம்பு எப்படிப் போனாலும் சரி என்று கர்த்தர் நினைக்கவில்லை. உன் வீங்கிய விரல்கள் அவருக்கு அற்பம் இல்லை. உயிர்த்தெழுந்த இயேசு தோமாவிடம் தம் கைகளைக் காட்டினபோது ஆணி பட்ட இடம் அதில் இருந்தது. ஏன் அதை நீக்கிக்கொள்ளவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வலியை மறந்துபோன ஒருவரிடம் நாம் ஜெபிக்கவில்லை என்பதுவரை எனக்குப் புரிகிறது.

அப்புறம், ஜெபிக்க முடியவில்லை என்கிறாயே, அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். முடியாத நாளில் 88ஆம் சங்கீதத்தைத் திறந்து வாசி. ஆரம்பத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுகிறான், அதோடு சரி. கடைசி வரை இருட்டுதான். ஒரு விடியலும் வராமலே சங்கீதம் முடிந்துபோகிறது. அதை எழுதினவனை விசுவாசி இல்லை என்று யாரும் தள்ளிவிடவில்லை. அதையும் வாசிக்க முடியவில்லையா? திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துகொண்டுவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசினதாக இல்லை. நீ கொஞ்ச நாள் அந்தப் படுக்கையில் இரு. சுமக்க நானும் அப்பாவும் இருக்கிறோம். இன்னும் இரண்டு பேரைச் சபையில் நானே பேசி வைத்துக்கொள்கிறேன், உன்னிடம் கேள்வி கேட்காதவர்களாகப் பார்த்து.

முடியாத காலைகளில் "இன்றைக்கு முடியவில்லை" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் போடு. டைப் செய்யாதே, விரலுக்கு வேலை வேண்டாம். நான் திரும்பக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன், ஜெபித்துக்கொள்வேன். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல். அதை வைத்துத்தான் மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று பார்ப்பார்கள். தனியாகப் போகாதே, என்றைக்கு என்று சொல், அப்பா வருகிறார்.

அன்புடன்,
அம்மா