பதினொரு மாதம் கழித்து

அன்புள்ள சுந்தரம்,

கமலாவின் காரியம் முடிந்து ஊர் திரும்பியவன், பதினொரு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. வேலை என்று சொன்னால் சிரிப்பாய். ஓய்வுபெற்ற சட்ட வாத்தியாருக்கு என்ன வேலை? இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர.

ஒரு மாதமாக ஓய்கன் ஹூபர் என்ற சுவிஸ் பேராசிரியரோடுதான் குடித்தனம். கடிதத்தை மூடிவிடாதே. 1849-இல் சூரிச் மாநிலத்து மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பத்திரிகை ஆசிரியர், டிரோகனில் விசாரணை நீதிபதி, பிறகு பாசல், ஹாலே, பெர்ன் என்று பேராசிரியர் வேலை. அந்த நாட்டில் அப்போது மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம். எல்லை தாண்டினால் வாரிசுரிமையே மாறிவிடும். அத்தனையையும் தேடிப் படித்து நான்கு தொகுதி எழுதிவிட்டு, நாடு முழுவதற்குமான சிவில் சட்டத்தை வரைந்தார். 1907 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றது. 1926-இல் துருக்கியும் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது.

முதல் பிரிவைக் கேள். சட்டத்திலும் வழக்கத்திலும் விடை இல்லையென்றால், தானே சட்டம் இயற்றுபவராக இருந்தால் என்ன விதி செய்வாரோ, அதன்படி நீதிபதி தீர்ப்பளிக்க வேண்டும். நீ முன்சீப்பாக இருந்தபோது இது உன் கையில் கிடைத்திருந்தால் பெரியகுளம் என்ன ஆகியிருக்கும்!

குடும்பத்தின் தலைவன் கணவன்தான் என்று எழுதியவரும் இவரே. அது மாற 1988 ஆயிற்று. கமலா கேட்டிருந்தால் கரண்டியோடு வந்திருப்பாள்.

1910-இல் அவர் மனைவி லீனா இறந்துபோனார். 1912-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பார்க்க அவர் இல்லை. ஆனால் ஹூபர் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். ஒன்றிரண்டு அல்ல, வருடக்கணக்காக. அன்றாடச் செய்தி எல்லாவற்றையும், பக்கத்து அறையில் இருப்பவளுக்குச் சொல்வதுபோல.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஊருக்குக் கிளம்பிய அன்று, உன் மேசையில் கமலாவின் கணக்கு நோட்டு திறந்து கிடந்தது. மளிகைக் கணக்குக்குக் கீழே, உன் கோழிக்கிறுக்கலில், முந்தின நாள் தேதி போட்டு ஏதோ எழுதியிருந்தது. முதல் வரியோடு கண்ணை எடுத்துக்கொண்டேன். அன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. நோட்டு தீர்ந்திருந்தால் சொல், வாங்கி வருகிறேன்.

சித்திரை பிறந்ததும் பத்து நாள் உன்னோடு இருப்பதாக உத்தேசம். காபிப்பொடி என் பொறுப்பு. நீ போடுவதைக் காபி என்று ஏற்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

உன்,
ராமநாதன்