ஜெட்ஸ் உரிமையாளருக்கு: பயிற்சியாளரை நீக்கிய அந்த அக்டோபர் செவ்வாய்க்கிழமை பற்றி

திரு. வுடி ஜான்சன் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில், இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் உங்கள் மேசைக்கு வந்து சேரப் போவதில்லை. அதனால் எனக்கு வசதியான மொழியிலேயே கோபித்துக்கொள்கிறேன்.

நான் நியூஜெர்சிக்காரன். பெயரில் நியூயார்க் இருந்தாலும் உங்கள் நியூயார்க் ஜெட்ஸ் அணி ஆடுவது எங்கள் பக்கம், ஈஸ்ட் ரதர்ஃபோர்டில்தான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு அமெரிக்கக் கால்பந்து பிடிபடவே இரண்டு மூன்று வருஷம் ஆனது. பிடிபட்ட பிறகாவது வேறு அணிக்குப் போயிருக்கலாம். அதே மைதானத்தில் ஆடும் ஜயன்ட்ஸும் இந்த சீசனில் 3 வெற்றி, 14 தோல்வி என்று முடித்திருப்பதால், அந்த வகையில் பெரிய நஷ்டமில்லை.

என் மகள் 2011 மார்ச்சில் பிறந்தாள். ஜெட்ஸ் கடைசியாக பிளேஆஃப் (லீக் ஆட்டங்கள் முடிந்து நடக்கும் நாக்-அவுட் சுற்று) ஆடியது அதே வருஷம் ஜனவரி 23, பிட்ஸ்பர்கில். 24-19 என்று தோற்றோம். அவளுக்கு இப்போது பதின்மூன்று முடிந்து பதினான்கு ஆகப் போகிறது. பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் அணி ஒரு பிளேஆஃப் ஆட்டம் ஆடிக்கூடப் பார்த்ததில்லை. 1969 ஜனவரியில் நம் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோ நேமத் ஜெயிப்போம் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்லி, பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று வீழ்த்திய கதையைச் சொன்னால், நான் ஏதோ ராஜா காலத்துக் கதை சொல்வதுபோலப் பார்க்கிறாள். அணி ஜெயித்த ஒரே சூப்பர் பவுல், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டம், அதுதான். அப்புறம் அந்த ஆட்டத்துக்கு நாம் போனதே இல்லை.

இந்த 2024 சீசன் 5-12 என்று ஜனவரி 5 அன்று முடிந்தது. தோற்றதற்காக மட்டும் மடல் எழுதுபவன் இல்லை நான். அப்படியென்றால் வருஷாவருஷம் எழுத வேண்டியிருக்கும். நான் கேட்க வந்தது அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை பற்றி.

அதற்கு இரண்டு நாள் முன்பு லண்டனில் மினசோட்டா வைக்கிங்ஸிடம் 23-17 என்று தோற்றிருந்தோம். ஐந்து ஆட்டத்தில் 2 வெற்றி, 3 தோல்வி. இன்னும் பன்னிரண்டு ஆட்டம் பாக்கி. அன்று காலை தலைமைப் பயிற்சியாளர் ராபர்ட் சாலேவை வீட்டுக்கு அனுப்பினீர்கள். 2000-இல் அணியை 635 மில்லியன் டாலருக்கு வாங்கியதிலிருந்து, சீசன் நடுவில் நீங்கள் பயிற்சியாளரை நீக்கியது அதுவே முதல் தடவை. சாலேவின் மொத்தக் கணக்கு 20-36. சீசன் முடிந்த பிறகு அனுப்பியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள், நானும்தான்.

ஆனால் சாலே டிஃபென்ஸ், அதாவது தடுப்பு ஆட்டத்தின் ஆள். அந்த ஐந்து ஆட்டத்தில் எதிரணிகள் நம் மேல் எடுத்த புள்ளிகள் மொத்தம் 85, அதாவது ஆட்டத்துக்கு 17. இந்த லீகில் அது அருமையான கணக்கு. டென்வருடன் நடந்த மழை ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய குவாட்டர்பேக் போ நிக்ஸ் ஆட்டம் முழுக்கப் பந்தை எறிந்து சேர்த்தது வெறும் 60 யார்டு. அப்படியும் 10-9 என்று தோற்றோம். தகராறு முழுக்க அஃபென்ஸில், அதாவது தாக்குதல் பாதியில் இருந்தது. நீங்களோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாதியின் சூத்திரதாரியைப் பிடுங்கிப் போட்டீர்கள். கூரை ஒழுகுகிறது என்று அஸ்திவாரத்தில் கடப்பாரை வைத்த மாதிரி.

பிறகு என்ன ஆனது? மீதிப் பன்னிரண்டு ஆட்டத்தில் எதிரணிகள் எடுத்தது 319 புள்ளி. ஆட்டத்துக்கு இருபத்தாறரைக்கு மேல். அரிசோனாவிடம் 31-6, பஃபலோவிடம் 40-14. 2-3 ஆக இருந்த அணி, அதற்குப் பிறகு 3-9. டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் உல்பிரிக்கை இடைக்காலத் தலைவராக்கியதில் ஒரே ஆள் தலையில் இரண்டு சுமை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

சரி, நம் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ். 2023 செப்டம்பர் 11 அன்று கையில் கொடியோடு ஓடி வந்தவர், நான்காவது பிளேயிலேயே குதிகால் தசைநாண் அறுந்து சாய்ந்தார். வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை என்றால் மிகை, நான் சாப்பிடவில்லை. அந்தத் துரதிர்ஷ்டத்துக்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். இந்த சீசனிலும் அவர் பதினேழு ஆட்டமும் ஆடி, 28 டச் டவுன் (எல்லைக் கோட்டைத் தாண்டி எடுக்கும் ஆறு புள்ளி) எறிந்தார். நாற்பத்தொரு வயதில் அது மோசமில்லை. ஆனால் ஒரு மனிதருக்காக வீட்டையே மாற்றிக் கட்டினீர்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. அவருடைய பழைய அணியான கிரீன் பேயில் அவரோடு இருந்த நதானியேல் ஹேக்கெட் அஃபென்ஸ் பயிற்சியாளர். அங்கே அவரோடு ஆடிய லசார்டும் காபும் வந்தார்கள். சாலே போன ஒரே வாரத்தில் இன்னொரு பழைய கூட்டாளி டவான்டே ஆடம்ஸும் வந்து சேர்ந்தார். பழைய மாணவர் சங்கம் கூட்டலாம், அணி கட்ட முடியாது.

என்னை உண்மையில் அறுக்கிற விஷயம் வேறு. லண்டனில் நம்மை வென்ற மினசோட்டாவின் குவாட்டர்பேக் யார்? சாம் டார்னால்ட். 2018-இல் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு) மூன்றாவது ஆளாக உங்கள் அணியே தேர்ந்தெடுத்து, மூன்றே சீசனில் கை கழுவிய பையன். இந்த வருஷம் அவருடைய அணி 14-3. டிசம்பர் 1 அன்று 21-7 என்று முன்னிலையில் இருந்த நம்மை 26-21 என்று கவிழ்த்த சியாட்டிலின் குவாட்டர்பேக் ஜீனோ ஸ்மித். 2013-இல் நீங்கள் எடுத்தவர். அதே ஆட்டத்தில் ராட்ஜர்ஸின் பந்தை நடுவில் பிடித்து 92 யார்டு ஓடி டச் டவுன் போட்டவர் லெனார்ட் வில்லியம்ஸ். முன்னூறு பவுண்டு ஆள், மூச்சு வாங்க வாங்க ஓடுகிறார், பிடிக்க ஆளில்லை. அவரும் 2015-இல் நாம் முதல் சுற்றில் எடுத்தவர்தான். மகள் கேட்டாள்: “எல்லாரும் நம்ம ஆளாப்பா?” ஆமாம், நம்ம ஆள்தான். இங்கே இருக்கும்வரை வேர் பிடிக்கவில்லை. நட்ட செடி பிடித்துக்கொண்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தால் எது பிடிக்கும்?

பிட்ஸ்பர்கைப் பாருங்கள். 1969 முதல் 2024 சீசன்வரை அங்கே மூன்றே தலைமைப் பயிற்சியாளர்கள்: சக் நோல், பில் கவர், மைக் டாம்லின். அவர்களுக்கும் மோசமான சீசன்கள் வந்தன. உரிமையாளர்களான ரூனி குடும்பம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. ஆறு சூப்பர் பவுல் கோப்பை அங்கே இருக்கிறது. நீங்கள் வந்த பிறகு நிரந்தரமாக நியமித்த ஏழு பேரும் போய், இப்போது எட்டாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களில் டாட் போல்ஸ், இங்கிருந்து போன பிறகு தம்பா பேயில் 2022, 2023, 2024 என்று வரிசையாக மூன்று சீசன் டிவிஷனை (லீகில் தங்கள் பிரிவை) ஜெயித்தார்.

நவம்பர் 19 அன்று பொது மேலாளர் ஜோ டக்ளஸையும் அனுப்பிவிட்டீர்கள். ஆக இரண்டு நாற்காலியும் காலி. யாரைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முதலில் மேலாளரை எடுங்கள், பயிற்சியாளரை அவர் தேர்ந்தெடுக்கட்டும். மூன்று சீசன் முடியும்வரை அவர்கள் மேல் கை வைக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் சீசன் 3-14 ஆனாலும் சரி. நான் திட்டுவேன், ரேடியோவில் கூப்பிட்டுத் திட்டுகிறவர்களும் திட்டுவார்கள். காதில் வாங்காதீர்கள். இந்த மடலையும் சேர்த்துத்தான்.

செப்டம்பரில் மறுபடி வருவோம். மகளுக்குச் சட்டை சின்னதாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். யார் பெயர் போட்டது என்று இன்னும் முடிவாகவில்லை. வாங்கிய மறுவாரம் அந்த ஆள் வேறு ஊருக்குப் போய்விடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. வெறும் பச்சையாகவே வாங்கலாம் என்கிறாள்.

இப்படிக்கு,
ஈஸ்ட் ரதர்ஃபோர்டிலிருந்து அரை மணி தூரத்தில் வசிக்கும் ஒரு ரசிகன்

பி.கு.: அக்டோபர் 31 அன்று ஹூஸ்டனுடன் ஆடும்போது, மலாக்கை கோர்லி என்ற இளம் வீரர் கோட்டைத் தாண்டுவதற்கு ஒரு எட்டு முன்னாலேயே கொண்டாட்டத்தில் பந்தை விட்டுவிட்டார். அவரையும் உடனே விற்றுவிடாதீர்கள். அதே இரவில் காரெட் வில்சன் ஒற்றைக் கையால் அந்தரத்தில் பிடித்த பந்தை என் மகள் இன்னும் ஃபோனில் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள்.